காஞ்ச தட்டை மட்டும் போதாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

மக்காச்சோளம் அறுத்ததும் மாட்ட காட்டுல ஓட்டி விடுறது புதுசு இல்ல, ஆனா காஞ்ச தட்டையில, அதாவது தண்டு தோகையில, புரோட்டீன் 5 சதவீதம் தேறுனாலே பெருசு, சினை மாட்டுக்கு 7, 8 சதவீதமாவது வேணும், அதனால வயிறு ரொம்பும், உடம்பு தேறாது. மக்காச்சோளம் 4லருந்து 6 இலை விட்டிருக்கும்போதே வரிசைக்கு நடுவுல ரைகிராஸ், குளோவர்னு தீவனப்பயிர் விதைச்சு விட்டா, நெழல்ல நோஞ்சானா நின்னுட்டு, தோகை காஞ்சு வெளிச்சம் உள்ள எறங்குனதும் தழைய ஆரம்பிக்கும். முந்தி விதைச்சா மக்காச்சோளத்தோட தண்ணிக்கும் உரத்துக்கும் போட்டி போடும், பிந்துனா நெழல்லயே செத்துரும்.

நான் அட்ரசின்ங்கிற களைக்கொல்லி அடிச்ச காட்டுல குளோவர் விதைச்சுட்டேன், மொளைச்சு வந்ததெல்லாம் ஓரம் மஞ்சளாகி கருகிப்போச்சு, மனசு ஆறவே இல்ல. விதை விக்கிறவங்க இதத்தான் மொதல்ல சொல்லணும்.

இன்னொண்ணு, கதிரு நெறைய கொட்டிக் கெடந்தா பசியோட மாட்ட விடாதீங்க, மணிய தேடித் தேடித் தின்னு வயித்துல அமிலம் ஏறிரும். கம்பி கட்டி காட்ட துண்டு துண்டா பிரிச்சு மேய விடுங்க.

உங்க விவசாயப் பக்கத்துல இதப்பத்தி விரிவா எழுதுங்க சார்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் ஒரு வாசகர்