வாழைத்தண்டு ஜூஸுக்கு பித்தப்பை கல் கரையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்க அக்காவுக்கு 46 வயசு. சாப்பிட்டு முடிச்சதும் வலது பக்க விலாவுக்குக் கீழ வலி வரும், அப்படியே முதுகுக்கும் தோள்பட்டைக்கும் ஏறும், வாய்வுதான்னு சொல்லிட்டு மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிச்சிட்டு படுத்துக்கும். ஸ்கேன் எடுத்தா பித்தப்பைல கல்லு. சொந்தக்காரங்க எல்லாரும் வாழைத்தண்டு ஜூஸ் குடி கரைஞ்சிரும்னாங்க, அதுவும் நம்பி நாலு மாசம் குடிச்சுச்சு, கடைசில கல்லு பித்தக்குழாய்ல இறங்கி அடைச்சு மஞ்சக்காமாலை வந்து, அவசரமா ஆபரேஷன் பண்ணிதான் காப்பாத்தினோம். வாழைத்தண்டு நம்ம பக்கம் கிட்னி கல்லுக்குச் சொல்ற வைத்தியம். பித்தப்பை கல்லு வேற இடம், வேற சரக்கு. கிட்னி கல்லு பெரும்பாலும் கால்சியம் உப்பு, இது பல பேருக்கு கெட்டியான கொலஸ்ட்ரால். இந்த வித்தியாசத்தை எங்களுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

கொலஸ்ட்ரால் தண்ணில கரையாது. பித்தநீர்ல இருக்கற பித்த அமிலமும் லெசித்தின்ங்கற ஒரு கொழுப்பு வகையும்தான் அதைக் கரைச்சு வச்சிருக்கு. கொலஸ்ட்ரால் அளவு மீறிப்போனா, இல்ல பித்தப்பை சரியா சுருங்காம பித்தநீர் தேங்கிக் கிடந்தா, சின்னச் சின்ன படிகமா உருவாகி நாள்பட கல்லாயிடும்.

இந்த இடத்துலதான் காய்கறி வருது. மைசூர்ல இருக்கற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துல எலிகளுக்கு கல்லு உண்டாக்கற மாதிரி கொலஸ்ட்ரால் அதிகமான தீனியை 10 வாரம் குடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் அதோட வெங்காயமோ பூண்டோ சேர்த்துப் பாத்திருக்காங்க, 2009ல முடிவு வெளியாச்சு. வெங்காயம் பூண்டு தின்ன எலிகளுக்கு கல்லு குறைவாதான் வந்திருக்கு, பித்தநீர்லயும் கொலஸ்ட்ரால் குறைஞ்சிருக்கு. பச்சையா குடுத்தாலும் வேகவச்சுக் குடுத்தாலும் பலன் இருந்துச்சாம், எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது இதுதான், நம்ம வீட்ல வெங்காயமும் பூண்டும் குழம்புலயும் ரசத்துலயும் வெந்துதானே வயித்துக்குப் போகுது. எலிக்கு நடந்தது மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு நான் சொல்லல. ஆனா அமெரிக்காவுல 77,000 நர்சுகளை 16 வருஷம் கவனிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல காய்கறி பழம் நிறைய சாப்பிட்டவங்களுக்கு, ரொம்பக் குறைவா சாப்பிட்டவங்களைவிட பித்தப்பை எடுக்கற ஆபரேஷன் 21 சதவீதம் குறைவு. கீரை, முட்டைகோஸ் வகை, வைட்டமின் சி இருக்கற காய்னு எல்லாத்துலயும் அந்தப் பலன் தெரிஞ்சிருக்கு.

எங்க ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வர்ற காய் கேரளா பூரா போகுது, ஆனா இந்த ஊர்லயே பல வீட்ல காயை ஓரமா ஒதுக்கி வச்சிட்டு எந்திரிக்கறாங்க. எங்க அக்காவே அப்படித்தான். காலைல பட்டினி கிடந்து மதியம் ஒரேயடியா சாப்பிடறது வேற, அப்படி பட்டினி கிடந்தாலும் பித்தப்பை சுருங்காம பித்தநீர் தேங்கும். உடம்பு இளைக்கணும்னு சட்டுனு எடையைக் குறைக்கறவங்களுக்கும் இந்தக் கல்லு வர்றது ஜாஸ்தி.

இன்னொண்ணு, நம்ம தெற்குப் பக்கம் பித்தப்பை கல்லு எல்லாமே கொலஸ்ட்ரால் கல்லு இல்ல. ரத்த சிவப்பணு சிதையறப்போ வர்ற பிலிருபின்ங்கற மஞ்சப் பொருளால உண்டாகற கருப்புக் கல்லு நிறைய பேருக்கு இருக்கு, அதுக்கு இந்த வெங்காயக் கணக்கு பொருந்தாது. ஆலிவ் ஆயிலும் எலுமிச்சை சாறும் குடிச்சா பச்சைப் பச்சையா கல்லு வெளிய வரும்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துதே, அப்படி வந்ததை வெளிநாட்டுல டெஸ்ட் பண்ணினப்ப அது கல்லே இல்ல, குடிச்ச எண்ணெய் வயித்துக்குள்ள சோப்பு மாதிரி உறைஞ்சதுன்னு தெரிஞ்சிருக்கு.

உங்க மருத்துவப் பக்கத்துல "கல் கரைய" அப்படின்னு மொட்டையா தலைப்பு போடாதீங்க. கிட்னி கல்லா பித்தப்பை கல்லான்னு போடுங்க, வராம தடுக்கற சாப்பாடு எது, வந்த பிறகு டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்பன்னு தனித்தனியா எழுதுங்க. வலியோட காய்ச்சலோ கண்ணு மஞ்சளாகறதோ இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு பெரிய எழுத்துல போடுங்க. எங்க அக்கா உங்க பேப்பரைத்தான் தினமும் படிக்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்