மல்லிகாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள மல்லிகா,

வித்யா முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்டி. இங்கே எல்லோரும் நலம். மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்பதும் அப்படியேதான்.

அவளுடைய மன அழுத்த மாத்திரையைச் சம்பந்தியம்மா நிறுத்தச் சொல்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். பழைய விலங்கியல் டீச்சர் என்பதால் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை வேலை செய்வது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மூலமாகத்தான். அதை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதி எழுதியே கெடுத்து வைத்திருக்கிறார்கள். கருவில் அதற்கு வேறு வேலை: நரம்பிழைகள் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. சுண்டெலிக் கருவில், மூளைத்தண்டின் செரட்டோனின் நரம்புகள் முன்மூளையைத் தொடுவதற்கு முன்பே அங்கே செரட்டோனின் இருக்கிறது. தருவது எது தெரியுமா? நஞ்சுக்கொடி! தாயின் ரத்தத்திலிருந்து டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை எடுத்துத் தானே தயாரிக்கிறது. 2011இல் கண்டுபிடித்தார்கள். பிரசவமானதும் நஞ்சு விழுந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு மறந்துபோகிறோம், பார்.

அதிகமானாலும் ஆபத்து. சுண்டெலி மூளையில் ஒவ்வொரு மீசை முடிக்கும் ஒரு தனித் திட்டு உண்டு. செரட்டோனினைச் சிதைக்கும் நொதி இல்லாத எலிகளுக்கு அந்தத் திட்டுகளே உருவாகவில்லை. பிறந்த முதல் வாரத்திலேயே செரட்டோனின் உற்பத்தியைக் குறைத்தால் உருவாயின. பிறகு குறைத்துப் பயனில்லை. எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

2004இல் எலிக்குட்டிகளுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மன அழுத்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்; வளர்ந்தபின் பயந்த சுபாவமாக இருந்தன. இதைக் கேட்டால் சம்பந்தியம்மா குஷியாகிவிடுவார். ஆனால் அவை எந்த நோயும் இல்லாத குட்டிகள். வித்யா அப்படியா? மாத்திரையைத் திடீரென்று விட்டால் பழைய நிலை திரும்பலாம். தூக்கமும் சாப்பாடும் போய், குறைமாதப் பிரசவம் வரை இழுத்துவிடலாம். கடைசி மாதங்களில் மாத்திரை சாப்பிட்டால் சில குழந்தைகள் பிறந்த சில நாட்கள் நடுக்கமும் சிணுங்கலுமாக இருக்கும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதனால் குழந்தை டாக்டருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதை மனநல டாக்டரும் பிரசவ டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் சண்டை, டாக்டர் சொன்னால் கேட்பார்.

அப்புறம், வளைகாப்புக்குத் தேதி குறித்ததும் எழுது. நீ இந்தப் பக்கம் வந்தால் சென்ட்ரலில் மெட்ரோ ஏறு, நேராகத் தண்டையார்பேட்டையிலேயே இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா, காலையிலேயே காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சரோஜா