1660 சூப்பரைக் கழற்றிவிட்டேன், அண்ணா

அண்ணா,

அம்மா பார்க்கும் படங்களுக்கும் நாம் ஆடும் கம்ப்யூட்டர் ஆட்டங்களுக்கும் சேர்த்து ஹால் ஷோகேஸில் வைத்திருந்த பெட்டியிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டேன். அப்பா திதிக்கு வரும்போது பெட்டியை நீ எடுத்துக்கொண்டு போகலாம்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ உடனே வழி சொல்ல ஆரம்பித்துவிடுவாய், நான் 'சரி சரி' என்று வைத்துவிடுவேன். அதோடு, 2024 பிப்ரவரியில் 'டிஸ்க் போயிடுச்சு' என்று உன்னிடம் சொன்ன அதே வாரம் இந்தப் பக்கத்திலும் அப்படியே எழுதினேன். அதைப் படித்துப் பயந்து இரண்டு பேர் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்தியும் படிப்பார்கள் என்று தெரியும். சித்தி, வீட்டுப் பத்திரம் பற்றி இதில் ஒன்றும் வராது.

டிஸ்க் போகவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

ரிச்சி தெரு ஞாபகம் இருக்கிறதா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டுகளை வைத்துச் செய்யும் மைனிங்கைக் கைவிட்டதும், நவம்பரில் பழைய கார்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தன. நான் கேள்வி கேட்க, கடைக்காரர் உன்னைப் பார்த்துப் பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நீ 'அவகிட்டயே சொல்லுங்க' என்றாய். 1650 வேண்டாம், திரையை வீடியோவாக்கி அனுப்பும் அதன் என்கோடர் ஒரு தலைமுறை பழசு, 1660 சூப்பர்தான் என்று நான் சொன்னதை நீ மறுக்கவே இல்லை. பிராசஸரில் மட்டும் பிடிவாதம். 10400எஃப் விலை குறைவு என்று நான் இழுத்தேன். 'எஃப் வாங்கினா உள்ள கிராபிக்ஸ் இருக்காது. அம்மா படத்துக்கு இன்டெல், உன் ஆட்டத்துக்கு என்விடியா, ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கக் கூடாது' என்றாய். நீ சொன்னதுதான் சரி. அம்மாவின் டேப்லட்டுக்கு, இன்டெலுக்குள் இருக்கும் குவிக் சிங்க் படத்தைச் சுருக்கி அனுப்பும். அதே நேரத்தில் நான் உள்ளறையில் பழைய லேப்டாப்பில், பெட்டியில் ஓடும் ஆட்டத்தை மூன்லைட் ஆப் வழியாக 60 ஃபிரேமில் ஓட்டுவேன். ஒரு நாளும் இடிக்கவில்லை. (அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று இங்கே எழுதப்போவதில்லை.)

இடித்தது டிஸ்க்கில்.

அன்றைக்கு வியாழக்கிழமை. எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது. 110 ஜிபி ஆட்டம் ஒன்றை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றலாம் என்றால் அங்கேயும் இடம் இல்லை. 'பழசு' என்று ஒரு ஃபோல்டர், 140 ஜிபி. 'பழசு 2' என்று இன்னொன்று, சின்னதாக. பெரியதைச் சுருக்கி வைத்ததுதான் சின்னது என்று நினைத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் திறந்து பார்த்தேன். எல்லாம் தேதியும் எண்ணுமாகப் பெயர் வைத்த கோப்புகள். ஒன்றில்கூட 'அப்பா' என்று இல்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட். மணி பதினொன்று.

மூன்று மணிக்கும் விளையாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆட்டம் விக்க ஆரம்பித்தது. நெட்வொர்க்தான் என்று ரூட்டரைப் பார்க்க ஹாலுக்கு வந்தேன். ஷோகேஸுக்குள் மூன்று டிஸ்க்கும் சேர்ந்து கொறித்துக்கொண்டிருந்தன. அம்மா எழுந்து உட்கார்ந்து 'எலியாடி?' என்றாள். 'மெஷின்தாம்மா, தூங்கு' என்றேன். ஸ்னாப்ரெய்டு, அதாவது டிஸ்க் போனால் மீட்பதற்கான தகவலை (பேரிட்டி) வைத்திருக்கும் மென்பொருள். அந்தத் தகவலை அன்றைய நிலைக்கு மாற்றும் மூன்று மணி சிங்க். தினமும் ஓடுவதுதான். அழித்த கோப்பை அடுத்த சிங்க் வரைக்கும் பேரிட்டியிலிருந்து மீட்கலாம், சிங்க் முடிந்தால் முடிந்தது. இது நீ சொல்லிக்கொடுத்துத் தெரியும். அங்கேயே நின்றேன், ஒரு இருபது நிமிடம் இருக்கும். தண்ணீர் குடித்தேன். எப்போது முடியும், ஆட்டம் எப்போது சரியாக ஓடும் என்பதுதான் மனதில் ஓடியது. அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அதன் முன்னால் நின்றுகொண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் அம்மா 'ஏற்காடு போனதைப் போடு' என்றாள். அம்மா படம் பார்க்கும் ஜெல்லிஃபின் ஆப்பில் அதன் சின்னப் படம் இருந்தது. அப்பா வீடியோ எடுக்கும்போது ஒவ்வொரு கேசட்டையும் காட்டி ஆரம்பிப்பாரே, அந்தத் தினசரி காலண்டர் தாள். தொட்டால் பிழைச் செய்தி. அப்பாவின் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் 'பழசு'. 'பழசு 2'-இல் இருந்தது மூன்று கேசட் மட்டும். மீதி எட்டும் போய்விட்டன. கேசட்டுகளையோ பூஞ்சை என்று நாம் இருவரும்தான் தூக்கிப் போட்டோம்.

டிஸ்க் போயிடுச்சு என்றதும் நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'சரி விடு, உனக்கு ஒண்ணும் இல்லையே?' என்றாய். பைக்கிலிருந்து விழுந்தவளைக் கேட்பது மாதிரி. நீ திட்டியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு டிஸ்க் முழுக்கக் காலியாகக் கிடந்தால் ஸ்னாப்ரெய்டு தானே நிற்கும், ஒரு ஃபோல்டர் போனால் நிற்காது. அதற்காகத்தான் நீ சிங்க்கை ஓட்டும் ரன்னர் ஸ்கிரிப்ட் போட்டாய்: 40 கோப்புக்கு மேல் அழிந்திருந்தால் சிங்க் செய்யாதே. நீ கேசட்டுகளைக் காட்சி காட்சியாக வெட்டி வைத்ததில் அந்த ஃபோல்டரில் முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள். நின்றிருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் அந்த 40 இருந்த இடத்தில் மைனஸ் 1. தடையே வேண்டாம் என்று அர்த்தம். அந்த செட்டிங் கோப்பின் தேதி ஜனவரி 16. மாட்டுப் பொங்கலன்று ஃபோல்டர்களை மாற்றி அடுக்கினாயே, அப்போது.

உன்மேல் பழி போட எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்கும்தான். அழித்தது நான். ஆனால் நீ எதையும் முக்கால்வாசி செய்து வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவாய். கால்வாசி எப்போதும் இங்கே கிடக்கும்: யுபிஎஸ் பேட்டரி, அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஜாதகத்தோடு வருகிறவர்களுக்குப் பதில். இதற்கு மேல் வேண்டாம். அண்ணி தப்பாக நினைக்கக் கூடாது. அவர் கேட்காமலே மாதாமாதம் போன் செய்கிறவர்.

ரெக்கவரி சாஃப்ட்வேரும் ஓட்டினேன். அழித்த இடத்தில்தான் ஆட்டம் போய் உட்கார்ந்திருந்தது. 19 துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் அப்பா குரல் ஏழு விநாடி: 'ராகு காலம் முடிஞ்சுது, கிளம்பலாம்.'

ஜெல்லிஃபின் லைப்ரரி ஸ்கேனை அன்றைக்கே அணைத்துவிட்டேன். ஸ்கேன் ஓடினால் அந்தச் சின்னப் படங்களும் வரிசையிலிருந்து போய்விடும். ஒன்றரை வருடமாகப் புதுப் படம் எதுவும் லைப்ரரியில் வராதது அதனால்தான். பக் என்று சொல்லி மூன்று தடவை என்னை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னாய். செய்தேன் என்று சொன்னேன். அம்மாவுக்குப் புதுப் படங்களைப் பென் டிரைவில் போட்டுக் காட்டினேன்.

பெட்டியைக் கலைப்பதற்குக் காரணம் கரண்ட் பில் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. சும்மா இருக்கும்போதே 70 வாட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட், அரசு தருகிற இலவச நூறு யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். படங்களுக்கு இனி என்100 சிப் போட்ட சின்னப் பெட்டி போதும். சிப் 6 வாட், விசிறியே கிடையாது. ஆட்டம் தனி, படம் தனி. ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைக்கிற வேலை இனி வேண்டாம்.

விசிறி இல்லாததுதான் சங்கடம். நீ பெங்களூரிலிருந்து டெயில்ஸ்கேல் என்ற நெட் இணைப்பு வழியாகப் பெட்டிக்குள் வந்து ஆட்டத்தைத் திறந்ததும் இங்கே கார்டின் விசிறி 'உய்ங்' என்று எழும்பும். அம்மா நிமிர்ந்து பார்த்து 'உங்கண்ணன் வந்துட்டான்' என்பாள். நீ போன் செய்யாத வாரங்களிலும் அந்தச் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். திங்கட்கிழமை இரவு பத்தரைக்கு ஷோகேஸைப் பார்த்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். இனி பத்தரைக்கு நீதான் போன் செய்ய வேண்டும்.

கார்டு குமிழ் உறையில் இருக்கிறது. திரை மாட்டியிருப்பதாகக் கார்டை நம்பவைக்கும் டம்மி பிளக்கை அதன் டப்பாவிலேயே போட்டிருக்கிறேன்; அது இல்லாமல் போட்டுவிட்டுத் திரை கறுப்பாக வருகிறது என்று எனக்குப் போன் செய்யாதே. பென் டிரைவில் அந்த 19 துண்டும், சின்னப் படங்கள் எல்லாமும் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் தாளில் தேதி தெரிகிறது. ஏற்காடு போனது 2005 என்று அடம்பிடிப்பாயே. 2004.