ஹெட்லைட்டோடு முடிந்துவிடுமா வித்தியாசம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பக்கத்தில் மஸ்டா என்றால் ஸ்வராஜ் மஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். அந்த நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித் தமிழில் இரண்டு பக்கம் என்றதும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால், முதல் மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் எழுந்து அடங்கும் ஹெட்லைட்டைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கு மேல் நுணுக்கம் நம்மூர் வாசகர்களுக்குத் தேவைப்படாது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி மனதை நோகடித்துவிட்டது.

நான் வேலைக் காலம் முழுவதும் பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருந்தவன். இந்தக் காரின் முதல் மாடலையும் இரண்டாவது மாடலையும், இரண்டையுமே செகண்ட் ஹாண்டில் வாங்கி ஓட்டியிருக்கிறேன். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. 1998 வரை வந்த முதல் மாடல் எல்லாம் ஒரே வண்டி என்று எழுதுவதே பிழை. ஆரம்பத்தில் 1.6 லிட்டர் இன்ஜின், ஐரோப்பாவில் 115 ஹார்ஸ்பவர். அப்புறம் 1.8 வந்தது, சுமார் 130. அதோடு பெரிய பிரேக் டிஸ்க், சீட்டுக்குப் பின்னால் பாடி முறுக்காமல் இருக்க ஒரு குறுக்குக் கம்பி எல்லாம் சேர்ந்தன. 1995இல் விலை குறைந்த வண்டி வேண்டுமென்று ஐரோப்பாவில் மறுபடியும் 1.6ஐக் கொண்டுவந்தார்கள். அதற்கு 90 ஹார்ஸ்பவர்தான். அதே பாடி, அதே எழுந்து அடங்கும் ஹெட்லைட். என் சித்தப்பா மகன் ஏமாந்தது இங்கேதான். "எல்லாம் ஒரே இன்ஜின்தான்" என்று விற்றவர் சொன்னதை நம்பி 1996 வண்டியை வாங்கிவிட்டான். நெடுஞ்சாலை மேட்டில் என் பழைய வண்டிக்குப் பின்னால் வர முடியாமல் திணறினான். ஹெட்லைட்டை வைத்து அவன் எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

பழையதெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. 1991 வாக்கில் மாற்றும் வரை வந்த வண்டிகளில் இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குட்டை. அந்த முனையில் புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால், உள்ளே சிறு ஆப்பு உட்காரும் பள்ளம் தேய்ந்து, வால்வ் திறந்து மூடும் டைமிங் போய், இன்ஜினே வீணாகும். அந்தக் காலத்து வண்டியின் புல்லியில் நான்கு வெட்டு இருக்கும், பிறகு வந்ததில் எட்டு. பானெட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயம் இது. இதை எழுத ஒரு வரி போதாதா?

இரண்டாவது மாடலில் பின்பக்கம் கண்ணாடி ஜன்னல், பனியை உருக்கும் கம்பியோடு. முதல் மாடலில் பிளாஸ்டிக், சில வருஷத்தில் மஞ்சளித்துவிடும். 2001இல் வந்த 1.8க்கு வால்வ் டைமிங் மாறும் ஏற்பாடு, 146 ஹார்ஸ்பவர். என்னிடம் இருந்தது அதுதான். வேகத்தில் பழைய வண்டி அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஒரு டன்னுக்கும் குறைவான அந்தப் பழைய 1.6இல் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் சாலை உள்ளங்கைக்கே வந்துவிடும். அந்த உணர்வு புதியதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரையில் துரு என்ற சொல்லே இல்லாததுதான் பெரிய அதிர்ச்சி. பழைய வண்டியில் கதவுக்குக் கீழே ஓடும் சட்டமும் பின்சக்கர வளைவும் அரிக்கும். மழைநீர் வடியும் ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கிவிடும். இரண்டாவது மாடலில் முன்பக்கச் சேஸிஸ் சட்டம் உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியாது. பிரான்சில் நான்கு வருஷம் கடந்த காரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். என் 2001 வண்டி அதில் தோற்றது அந்தச் சேஸிஸ் சட்டம் அரித்ததால்தான். இன்ஜின் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நம்மூர் வாசகர்களுக்கு இது தேவையில்லையாம். குருசுகுப்பத்தில் கடலைப் பார்த்து நிற்கும் எந்த வண்டிக்கும் அடியில் குனிந்து பாருங்கள், ஐயா. உப்புக் காற்று என்ன செய்யும் என்று புதுச்சேரிக்காரனுக்கும் கடலூர்க்காரனுக்குமா தெரியாது? போன வருஷம் நூறடிச் சாலையில் ஒரு வியாபாரி, அரித்த தளத்தின்மேல் பட்டி போட்டுக் கருப்புப் பெயின்ட் அடித்து என் மருமகனிடம் ஒரு காரைத் தள்ளிவிட்டார். வாங்குகிறவனுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரத்தானே பத்திரிகை?

மூன்று வருஷத்துக்கு மேல் பழசான காரையும், இடப்பக்க ஸ்டீயரிங் வைத்த காரையும் இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. அதனால்தான் என் வண்டியை அங்கேயே விற்றுவிட்டு வந்தேன். ஆனால் முத்தியால்பேட்டையிலிருந்தும் லாஸ்பேட்டையிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள்! அவர்களும் உங்கள் வாசகர்களே. முன்பு ஒருமுறை சொல்தா குடும்பங்களை, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்களை, பென்ஷனில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்ற தொனியில் எழுதினீர்கள். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினேன். பாராட்டியிருந்த பத்தியை மட்டும் போட்டு, வருத்தத்தை வெட்டிவிட்டீர்கள்.

இப்போது கேட்பது ஒன்றுதான். 'பழைய மாடல், புதிய மாடல்' என்று போடாமல் வருஷத்தைப் போடுங்கள். ஐரோப்பிய 1.6க்கு முதலில் 115, 1995 முதல் 90 ஹார்ஸ்பவர் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அந்த வரியை மட்டுமாவது போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி