பெயரை நம்பிய சாட்பாட்

ஆசிரியருக்கு,

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் டெலிகிராம் குழுவில் பராமரிப்புக் கட்டணத்தைக் கவனிப்பது ஒரு சாட்பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் கணினி நிரல். சென்ற வாரம் யாரோ பொருளாளரின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு பணம் செலுத்தும் கியூஆர் கோடை மாற்றச் சொல்ல, அது மறுபேச்சின்றி மாற்றிவிட்டது. கீழ்த்தளத்து மூதாட்டி ஓய்வூதியத்திலிருந்து 3,500 ரூபாய் அனுப்பிவிட்டு, ரசீது வரவில்லையே என்று கைப்பேசியை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறோம்.

திரையில் தெரியும் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கணக்குக்கும் டெலிகிராம் தரும் அடையாள எண் மாறாது. அந்த எண்ணைச் சரிபார்க்க இரண்டு வரி நிரல் போதும். அதைக்கூட எழுதாதவர்களிடம் எங்கள் பணத்தை ஒப்படைத்ததை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. வங்கிக் கணக்கை மாற்றும் அதிகாரம் எந்தச் சாட்பாட்டுக்கும் வேண்டாம். செயலாளரும் பொருளாளரும் நேரில் கையெழுத்திட்டு மாற்றட்டும்.

– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு