கயலின் உதவித்தொகை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே. முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நலம்.

கயல் தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனாள். அவளுக்கு ஜேஆர்எஃப், அதுதான் ஆராய்ச்சி மாணவர்களுக்கான அரசு உதவித்தொகை, கிடைத்ததும் நீ ஃபோனில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாதம் 37,000 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்னால் அது 31,000. சொல்லிக்கொள்ள நல்ல தொகைதான், ஆனால் ஐந்து மாதமாக ஒரு ரூபாய்கூட அவள் கணக்குக்கு வரவில்லை. வேறு சம்பளத்துக்குப் போனால் உதவித்தொகை போய்விடும். மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குத் திரும்பப் பஸ் காசு என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, அடுப்படியில் அம்மாவிடம் மெல்லக் கேட்டாள். 27 வயதுப் பெண். எனக்குக் கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மத்திய அரசு 50,000 கோடியில் புது ஆராய்ச்சி நிதியம் தொடங்கிவிட்டதே, இனி என்ன கவலை என்று எழுதியிருந்தாய். 2023-ல் சட்டம் வந்த அனுசந்தான் அறக்கட்டளையைத்தானே சொல்கிறாய்? அது ஐந்து வருடத்துக்கான கணக்கு. அதிலும் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் என்று அரசுக்கு வெளியே திரட்டப்பட வேண்டியது. நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 காசுதான் ஆராய்ச்சிக்குப் போகிறது. தென் கொரியாவில் கிட்டத்தட்ட ஐந்து ரூபாய். கொடுப்பதிலும் திரும்ப எடுப்பது நடக்கிறது: அரசு ஆய்வுக்கூடங்கள் வாங்கும் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டும் என்று இருந்த சலுகையை 2022-ல் நீக்கினார்கள், வரி 18 சதவீதத்துக்குப் போனது. ஆராய்ச்சிக்குத் தரும் கிராண்ட் தொகை அதேதான்.

ஆனாலும் தொகையைவிட எனக்கு உறுத்துவது அது வரும் தேதி. எம்.எஸ்சி. படிக்கும்போது காவலூர் வானாய்வகத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? 1986-ல் திறந்த அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கீழே நின்று நீ வாயைத் திறந்தவன் மூடவே இல்லை. அந்தக் கண்ணாடியை பெங்களூரில் நம் ஆட்களே வருடக்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார்கள். நடுவில் ஐந்து மாதம் அவர்களுக்குச் சம்பளம் நின்றிருந்தால் எத்தனை பேர் அந்த மேஜையில் நின்றிருப்பார்கள்? ஆராய்ச்சியில் ஒரு வருடம் விட்டுப்போனால் கை மறந்துவிடும், ஆளும் போய்விடுவார்.

அப்புறம், போன மாதம் நான் வேலை பார்த்த பள்ளிக்குப் போயிருந்தேன். லேப் உதவியாளர் இடம் இன்னும் காலிதான். ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் பழைய தினசரியில் சுற்றியபடி பீரோவில் கிடந்தது. துடைத்து வைத்து, சோடியம் விளக்கைப் போட்டேன். முதலில் இளஞ்சிவப்பாக மினுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்கு வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தார்கள். பார்க்கும் குழலை, கோடுகள் இன்னும் விலகித் தெரியும் இரண்டாம் வரிசைக்குத் திருப்பியதும் ஒரு பெண், "சார், ஒரு கோடு இல்ல, ரெண்டு!" என்று கத்தினாள். புத்தகத்தில் அதை மனப்பாடம் செய்தவள்தான். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கயலின் ஞாபகம் வந்தது. இவளும் நாளைக்கு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று வந்தால் என்ன சொல்ல? போ என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வராது.

சரி, உன்னிடம் ஒரு உதவி. கணக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் நீ. பணம் ஏன் வரவில்லை என்று கேட்டால், பயனீட்டுச் சான்றிதழ், அதாவது முன்பு வந்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்று, மேலே போயிருக்கிறது என்று மட்டும் கயலிடம் சொல்கிறார்களாம். அது எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் வருமா? கேள்வியை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அவளோடு சேர்ந்து இன்னும் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். எல்லாருடைய பெயரிலும் தனித்தனியாகப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ராமசாமி