சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை, 2024-2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தமிழ்மொழி விழா மாதத்து மாணவர் பேச்சுப்போட்டி, தீபாவளி விருந்து, பொங்கல் விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. விருந்துக்கு வந்த கூட்டத்தில் பாதி இன்று வந்திருந்தால் நாற்காலி போதாமல் போயிருக்கும்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உள்ள நம் சங்கத்து மாடி அறைக்கு, கார்டைத் தட்டினால் திறக்கும் பூட்டு போட்டதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செயலாளர் வீண் செலவு வைத்துவிட்டார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. பழைய பூட்டுக்கு எத்தனை சாவி வெளியே இருந்தது என்று செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு சாவி உறுப்பினரின் பெட்டியோடு திருச்சிக்கே போய்விட, நடன வகுப்புப் பிள்ளைகள் சலங்கையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது மறந்துவிட்டதா?

முதலில் வந்த விலைப்புள்ளி 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் பேசும் கார்டுக்கு. மலிவுதான். ஆனால் அந்த வகைக் கார்டு, எந்த ரீடர் (கார்டைப் படிக்கும் கருவி) கேட்டாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். நகல் எடுப்பது எளிது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகைக் கார்டும் வேண்டாம் என்றேன். அதன் குறியாக்கத்தை ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்துவிட்டார்கள். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகைக் கார்டு வாங்கினோம். விலை கூடியது இதனால்தான். கதவில் இருப்பது காந்தப் பூட்டு. மின்சாரத்தைத் துண்டித்தால் பிடி விட்டுவிடும். தீ விபத்தில் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், கார்டுக்குள் பேட்டரி கிடையாது, ரீடரிடமிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். சார்ஜ் போட வேண்டுமா என்று இனியாவது யாரும் கேட்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும், சனிக்கிழமைகளில் கதவிடுக்கில் செருப்பைச் செருகி வைக்கிறார்கள். கார்டு தொலைந்தால் உடனே சொல்லுங்கள், அந்த ஒன்றை மட்டும் கணினியில் நீக்கிவிடலாம் என்றேன். மாதக்கணக்கில் வாய் திறக்காதவர்களும் உண்டு. கதவுப் பதிவைப் பார்த்தால், வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூடத் தட்டாத கார்டுகள் நிறைய. பெயர் சொல்லவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். வர நேரமில்லை, சரி; சந்தா வரலாமே.

வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. பூட்டுக்காகச் சேமிப்பில் கொஞ்சம் கை வைத்தோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தணிக்கையாளர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

சந்தா முடியும் நாளோடு கார்டும் ஓய்ந்துபோகும்படி வைக்க மென்பொருளில் வழி உண்டு. இதுவரை நான் அதைத் தொடவில்லை. புதிய செயற்குழு முடிவெடுக்கட்டும். கணினி வேலையைப் பார்த்துக்கொள்ள இளைஞர் யாராவது முன்வந்தால் கடவுச்சொல்லை இன்றே ஒப்படைக்கிறேன். வேட்புமனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேதான், கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்விலும் கட்டலாம்.